செங்கலடி – பதுளை வீதியில் எங்கெங்கே நிற்கலாம்?

நாவற்குடா:

எல்லோருக்கும் வணக்கம். சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு குடும்பத்தை மட்டக்களப்பில் இருந்து மலைநாட்டுக்குக் கூட்டிப் போக யோசித்திருக்கிறேன். நான், மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் நோ, அதிகம் நடக்க மாட்டா. மகனுக்கு 11, மகளுக்கு 7. மூன்று நாள் கைவசம் இருக்கிறது. ஒரு வான் கேட்டு வைத்திருக்கிறேன், நான்தான் ஓட்டப் போகிறேன்.

கூகுள் வரைபடம் செங்கலடியால் திருப்பி மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று பதுளைக்குக் கொண்டுபோகிறது. இந்த வீதியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சின்ன வயதில் செங்கலடிக் கறுப்புப் பாலத்தோடு எங்கள் உலகம் முடிந்து விடும். அதற்கு அங்கால் போவது என்றால் வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் கரடியனாற்றைத் தாண்டி நான் போனதில்லை.

இந்த வீதியில் நின்று பார்க்க இடங்கள் இருக்கின்றனவா, அல்லது ஒரே ஓட்டமாக ஓடி எல்ல நகரில் இறங்குவதுதான் சரியா?

கல்முனைக் கடற்கரை:

தம்பி, அம்மாவின் முழங்காலை யோசித்தால் பொத்துவில் வழிதான் நல்லது. அக்கரைப்பற்று, பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, அங்கிருந்து எல்ல. தூரம் கூட, ஆனால் பெரும்பகுதி சமதரை. லகுகலைக் குளத்தடியில் பின்னேரம் யானைகள் மேய வரும், வாகனத்துக்குள் இருந்தே பார்க்கலாம். வெல்லவாயவில் இருந்து ஏறும்போது இராவணன் நீர்வீழ்ச்சி வீதியோரத்திலேயே விழுகிறது. அம்மா கதவைத் திறந்து இறங்கினால் போதும். லுணுகலைப் பக்கம் வளைவுக்கு மேல் வளைவு, பிள்ளைகள் சத்தி எடுத்தே களைத்துப் போவார்கள்.

ஏறாவூர் வான்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இருபது வருடத்துக்குக் கிட்ட ஹயர் ஓடுகிறேன். இரண்டு வழியும் தெரியும். கல்முனைத் தம்பி சொன்ன வழியில் குறை இல்லை. ஆனால் நாவற்குடாவில் இருப்பவர் தெற்கே இறங்கிச் சுற்றிப் போய் மலை ஏறுவதில் அரை நாள் போய்விடும். செங்கலடி வழி நேரே மலைக்குப் போகிற வழி, இப்போது வீதியும் நல்ல கார்ப்பெட்.

என்ட சொல்லைக் கேட்டால், நன்றாக விடிந்த பிறகு செங்கலடியால் திரும்புங்கள். முந்திப் போகிறோம் என்று இருட்டில் வெளிக்கிட வேண்டாம். கரடியனாறு தாண்டினால் மகாஓயா வரைக்கும் யானை குறுக்கிடுகிற வீதி. தனி ஆண் யானை வீதியோரம் நின்றால் ஹோர்ன் அடிக்கக் கூடாது, வெளிச்சத்தை அடித்து அடித்துக் காட்டக் கூடாது. தள்ளி நிறுத்தி, எஞ்சினை ஓட விட்டு, அதன் பாட்டில் போகும் வரை இருங்கள். திரும்பி வரும்போதும் பொழுது பட முந்தி புல்லுமலையைத் தாண்டிவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

சத்திக்கு: தேசிக்காய் இரண்டை வெட்டிக் கையில் கொடுங்கள். வெறும் வயிற்றிலும் ஏற்ற வேண்டாம், வயிறு முட்டவும் கொடுக்க வேண்டாம். லுணுகலை ஏற்றத்தில் மகளை முன் சீட்டில் வைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேட்டுநிலம்:

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன், ஊர் கரடியனாற்றுப் பக்கம். தம்பியின் கேள்வியில் "நின்று பார்க்க இடங்கள்" என்ற சொல்லிலேயே என் மனம் நிற்கிறது. பார்க்க வேண்டியது அந்த வீதியேதான். கடல் மட்டத்தில் வாவிக்கரையில் விடியக் காலை தேத்தண்ணி குடித்துவிட்டு, மத்தியானத்துக்குள் தேயிலைக்குள் நிற்கலாம். இலங்கைத் தீவின் தரை எப்படிப் படிப்படியாக எழும்புகிறது என்பதை ஒரே நாளில் கண்ணால் காட்டும் வீதிகள் அதிகம் இல்லை.

செங்கலடி கழிந்ததும் வயல். கரடியனாற்றடியில் வயலுக்குள் இருந்து கற்குன்றுகள் எழும்பும். குசலானமலை அதில் ஒன்று, மேலே முருகன் கோயில் இருக்கிறது. அப்புறம் காடு நெருங்கும், பெரிய புல்லுமலை வரும். அங்கே ஒரு தரம் இறங்கித் தென்மேற்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் நீல நிறத்தில் ஒரு கோடு தெரியும். முதலில் முகில் என்று நினைப்பீர்கள். அது ஊவா மலை. பின்னேரத்துக்குள் அதற்கு மேலே நிற்பீர்கள். பிள்ளைகளுக்கு இதைக் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும், மறுகா ஏறும்போது அவர்களுக்கு விளங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆடி, ஆவணியில் மட்டக்களப்பை வறுக்கும் கச்சான் காற்று எங்கிருந்து வருகிறது? தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஈரம் போன காற்று மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது. அதுதான் நமக்குக் கச்சான். அதே காற்று ஊவாச் சரிவில் தேயிலைச் செடியை வாட்டுகிறது. வாடிய கொழுந்தில்தான் ஊவாத் தேயிலைக்கே உரிய அந்தக் குளிர்ச்சியான வாசம் பிறக்கிறது. ஆடி முதல் புரட்டாசி வரை பறிக்கும் ஊவாக் கொழுந்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு, தேயிலைக்காரர்களும் அந்தக் காற்றைக் கச்சான் என்றே சொல்கிறார்கள். நமக்குத் தலைவலி தரும் காற்று அங்கே வாசம் தருகிறது. இந்த வீதியில் போகிற எல்லோரிடமும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

நாவற்குடா:

சேர், கச்சானைப் பற்றி இப்படி யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. மிக்க நன்றி. ஏறாவூர் நானா சொன்னதையும் குறித்துக்கொண்டேன். மகாஓயாவில் சுடுதண்ணீர்க் கிணறு இருக்கிறதாம், குளிக்கலாமா? திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறு மாதிரியா?

மேட்டுநிலம்:

கன்னியாவை விட நன்றாகச் சூடு. இந்த நாட்டிலேயே மிகச் சூடான வெந்நீரூற்றுகளில் அது ஒன்று, சில கிணறுகளில் 50 பாகைக்கு மேல் போகும். ஒவ்வொரு கிணற்றிலும் சூடு ஒவ்வொரு அளவு. மகாஓயா நகரத்தில் இருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும், நடை அதிகம் இல்லை. அம்மாவின் முழங்காலுக்கு இதமான சூட்டில் இரண்டு வாளி ஊற்றிக்கொள்ளலாம்.

பக்கத்தில் எரிமலை ஒன்றும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளால் மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்ப மேலே வருகிறது. மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் கிழக்குச் சமவெளியின் பாறைத் தொகுதியும் சந்திக்கிற எல்லை ஒன்று உண்டு. இலங்கையின் வெந்நீரூற்றுகளில் பல அந்த எல்லையை ஒட்டியே இருக்கின்றன.

ஏறாவூர் வான்:

சேர் சொன்னதோடு ஒன்று: பிள்ளைகளின் கையை விடாதீர்கள். எந்தக் கிணறு எவ்வளவு சூடு என்று அங்கே குளிக்கிற ஆட்களிடம் கேட்டு, முதலில் உங்கள் கையை நனைத்துப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு ஊற்றுங்கள். ஒரு தரம் என் வானில் வந்த ஒரு சின்னப் பிள்ளை ஓடிப் போய் வாளித் தண்ணீரைக் காலில் கவிழ்த்து, பயணத்தை அங்கேயே முடித்துத் திரும்பினோம். அந்தப் பிள்ளை அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

லுணுகலைப் பேத்தி:

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அம்மம்மா லுணுகலைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறித்தவ. 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பமே இந்த வீதியால்தான் கீழே இறங்கிப் புல்லுமலைப் பக்கம் வந்து குடியேறியது. என் அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. லொறியின் பின்னால் தகரப் பெட்டிக்கு மேலே இருந்து வந்தாவாம். மலை சின்னதாகிச் சின்னதாகிப் போனதை மட்டும் சொல்லுவா.

அம்மம்மா திரும்பிப் போகவே இல்லை. சண்டைக் காலத்தில் வீதி பூட்டு, திறந்தபோது அவவுக்கு நடக்க ஏலாது. அம்மாவை நான்தான் கூட்டிப் போனேன். பிபிலை கழிந்து ஏறத் தொடங்கும்போது மரம் மாறும், காற்று மாறும். வீட்டுத் தோட்டங்களில் மிளகுக் கொடி, பாக்கு, கொஞ்சம் மேலே போனால் தேயிலை. லுணுகலைக்குக் கிட்ட ஒரு வளைவில் அம்மா "நிப்பாட்டு" என்றா. கீழே முழுக் கிழக்கும் பரந்து கிடந்தது. காடு, குளம், அதற்கு அங்கால் வெளுத்த புகை மாதிரிக் கடல் பக்கம். அம்மா ஒன்றும் பேசவில்லை. அரை மணித்தியாலம் நின்றோம்.

தம்பி, அந்தப் பக்கம் வளைவு வளைவாக நிற்க இடம் இருக்கிறது. பெயர்ப் பலகை ஒன்றும் இராது, நுழைவுச் சீட்டும் இல்லை. நல்ல இடமாகப் பார்த்து, வீதியை விட்டு முழுதாக விலகி நிறுத்திவிட்டு, உங்கள் அம்மாவை ஒரு கல்லில் இருத்திக் கிழக்கே பார்க்கச் சொல்லுங்கள். நாம் எங்கே இருந்து வந்தோம் என்று அங்கே நின்றால்தான் தெரியும். இராவணன் நீர்வீழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை, அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் லுணுகலை வளைவுக்கு அது ஈடாகாது.

பசறைக் கொழுந்து:

அக்கா, படிக்கும்போது கண் கலங்கிப் போய்விட்டது. நான் பசறையில்தான் இருக்கிறேன். எங்கள் ஊரை எல்லோரும் தாண்டிப் போகிறார்களே தவிர யாரும் நிற்பதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பசறையில் இருந்து நிமிர்ந்து பார்த்தால் நமுனுகுல மலை. ஒன்பது சிகரம் என்பது பெயரின் பொருள், உயர்ந்த சிகரம் 2036 மீற்றர். விடியக் காலையில் முகில் இல்லாமல் தெரியும், பத்து மணிக்குப் பிறகு மூடிக்கொள்ளும். ஏறுவது என்றால் வழி தெரிந்த ஆள் வேண்டும், சிறு பிள்ளைகளோடு வேண்டாம்.

பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில் மடுல்சீமைக்கு ஒரு வீதி பிரிகிறது. மடுல்சீமைக்கு அங்கால் பிட்டமாருவ பக்கத்தில் மலை திடீரென்று அறுந்து விழுகிற இடம் ஒன்று உண்டு. சின்ன உலக முடிவு என்று சொல்வோம். பாறை விளிம்பில் வேலி கிடையாது. சூரியன் எழும்பும் நேரம் கீழே முகில் கடல் மாதிரிக் கிடக்கும், அது கலைந்ததும் உங்கள் கிழக்குச் சமவெளி தெரியும். கடைசித் துண்டு மோசமான பாதை, வான் போகாது, ஜீப் அல்லது நடை. அம்மாவைக் கூட்டிப் போக முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கல்முனை அண்ணனுக்கும் ஒரு சொந்தம் இங்கே இருக்கிறது. பதுளைக்குக் கிழக்கே உள்ள இந்த மலைகளில்தான் கல்லோயா ஊற்றெடுக்கிறது. அது இறங்கி இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, உங்கள் வயலுக்குப் பாய்ந்து, கல்முனைக்குத் தெற்கே கடலில் சேருகிறது.

ஒரு வேண்டுகோள். தேயிலைக்குள் நின்று படம் எடுங்கள், தாராளமாக எடுங்கள். ஆனால் கொழுந்து பறிக்கிற அம்மாமாரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். அவர்கள் வேலையில் நிற்கிறார்கள். முதலில் வணக்கம் சொல்லி இரண்டு வார்த்தை பேசுங்கள். மட்டக்களப்பில் இருந்து வருகிறோம், தமிழ் ஆட்கள் என்றதும் எவ்வளவு சந்தோசப்படுவார்கள் தெரியுமா?

கல்முனைக் கடற்கரை:

கல்லோயா அங்கே தொடங்குகிறது என்பது உண்மையில் எனக்குப் புதிது தம்பி. அந்தத் தண்ணீரில்தான் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வேளாண்மை செய்கிறது.

ஆனாலும் என் பயத்தைச் சொல்லத்தான் வேண்டும். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துப் பேருக்கு மேல் இறந்தார்களே. மலைவீதி ஓடிப் பழகாதவரைப் பிள்ளைகளோடு அந்த வழியால் போகச் சொல்லலாமா?

ஏறாவூர் வான்:

உங்கள் பயம் நியாயம். ஆனால் 2025 செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியிலும் பஸ் பள்ளத்தில் விழுந்து அதே அளவு உயிர் போனது. எந்த வழியால் ஏறினாலும் மலை மலைதான். ஓட்டுகிற விதம்தான் காப்பாற்றும்.

தம்பி, இதைக் கவனமாகப் படியுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிறேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பிறேக் சூடாகிப் பிடிக்காமல் போகும், கருகின மணம் வரும். வந்தால் உடனே ஓரம் கட்டி அரை மணி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். நியூட்ரலில் இறங்கவே கூடாது. வளைவில் ஹோர்ன் அடியுங்கள், ஏறி வருகிற வாகனத்துக்கு வழி விடுங்கள். பின்னால் பஸ் நெருக்கினால் ரோசப்படாமல் ஒதுங்கிப் போக விடுங்கள். வாடகை வான் என்றால் வெளிக்கிட முந்தின நாளே பிறேக்கையும் டயரையும் ஒரு கராஜில் காட்டுங்கள்.

பசறைக் கொழுந்து:

நானா சொன்ன எல்லாவற்றுக்கும் மேலே, மழை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு பதுளை மாவட்டத்தில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 2014இல் மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்பையே மண் மூடியது. எங்களுக்கு இது செய்தி இல்லை, சொந்தக்காரரின் வீடு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வெளியிடும். போகிற நாளுக்கு முதல் இரவு அதைப் பாருங்கள். சித்திரையில் காலை வெயிலாக இருந்தாலும் பின்னேரம் இடியோடு கொட்டும். மத்தியானத்துக்குள் ஏறி முடியுங்கள். இரவு தங்க எல்ல வரை போகத் தேவையில்லை, பதுளையிலேயே தங்கலாம், செலவும் குறைவு. எல்லவில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்துக்கு அடுத்த நாள் காலையில் போகலாம்.

நாவற்குடா:

முடிவு எடுத்துவிட்டேன், செங்கலடியால்தான். ஆனால் போன வழியாலேயே திரும்ப வேண்டுமா?

மேட்டுநிலம்:

வேண்டாம். பதுளையில் இருந்து மகியங்கனை வீதியால் இறங்குங்கள். நகரத்துக்கு வெளியே சில கிலோமீற்றரில் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, 64 மீற்றர். சாரல் புகை மாதிரி எழும்பும், அதனால்தான் அந்தப் பெயர். காட்டுப் பாதையில் ஒன்றரைக் கிலோமீற்றருக்குக் கிட்ட நடை, படியும் உண்டு. அம்மாவும் துணைக்கு ஒருவரும் கடைப் பக்கம் இருக்கட்டும். குரங்கு இருக்கிறது, பிள்ளைகளின் கையில் சாப்பாட்டுப் பை வேண்டாம். அங்கிருந்து மகியங்கனை, அப்புறம் பதியத்தலாவை வீதியில் தம்பானைக்குப் பிரியும் இடம். வேடுவ மக்களின் ஊர், அவர்களுடைய அரும்பொருள் காட்சியகமும் இருக்கிறது. நம் வாகரைப் பக்கத்திலும் கடலோர வேடர் இருக்கிறார்கள், அவர்கள் பேசுவது தமிழ். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள், காட்சிப் பொருளாகப் பார்க்காமல் அயலவராகப் பார்ப்பார்கள். பதியத்தலாவையில் பழையபடி நமது வீதியைப் பிடிக்கலாம்.

நாவற்குடா:

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக நானாவுக்கு. கராஜில் காட்டியபோது முன் பிறேக் கட்டை தேய்ந்து போயிருந்தது, மாற்றித்தான் போனோம்.

புல்லுமலையில் நின்று நீலக் கோட்டைக் காட்டினேன். மகன் நம்பவில்லை. மகாஓயாவில் அம்மா ஒரு மணித்தியாலம் எழும்ப மாட்டேன் என்று இருந்துவிட்டா. லுணுகலை வளைவு, அக்கா சொன்னபடியேதான். எந்த வளைவு என்று தெரியாது, எங்களுக்குப் பிடித்த ஒன்றில் நின்றோம். வீட்டில் இருந்து கட்டிக் கொண்டுபோன சோற்றை அங்கேதான் சாப்பிட்டோம், இலையையும் பையையும் திரும்பக் கட்டி எடுத்து வந்தோம். ஒரு தோட்டத்து அம்மா பக்கத்தில் வந்து இருந்து கதைத்தா. அவவுடைய அக்கா குடும்பம் ஏறாவூர்ப்பற்றில் இருக்கிறதாம். ஊர்ப் பெயரைக் குறித்துத் தந்திருக்கிறா, அடுத்த கிழமை போய்ப் பார்த்துச் சுகம் சொல்ல வேண்டும்.

ஒன்பது வளைவுப் பாலத்தில் சனம் நிறைய. 1921இல் கட்டியது, எஃகு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்து எழுப்பியது என்றதும் மகன் கீழே இறங்கித் தூணைத் தொட்டுப் பார்த்தான். அங்கே நாங்கள் நின்றது முக்கால் மணி நேரம். லுணுகலையில் நின்றது இரண்டு மணி நேரம்.

லுணுகலைப் பேத்தி:

தம்பி, ஏறாவூர்ப்பற்றில் எந்த ஊர் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். அம்மாவுக்குத் தெரிந்த குடும்பமாக இருக்கலாம்.

நாவற்குடா:

எழுதிவிட்டேன் அக்கா.

நான்கு மாதத்துக்குப் பிறகு இந்த இழையைத் திரும்பத் திறக்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது. ஒரு கிழமையாக இங்கே கச்சான், முற்றத்தில் நிற்க ஏலாது. பசறையில் வாங்கி வந்த தேயிலைத் தூள் முடிந்து போயிற்று. ஆவணி விடுமுறையில் நானும் மகனும் மட்டும் வரலாம் என்று இருக்கிறோம், மடுல்சீமையில் ஒரு இரவு கூடாரம் போட. பசறைத் தம்பி, இந்தக் காற்றுக்குள் அது சரிவருமா?

பசறைக் கொழுந்து:

வாருங்கள் அண்ணன், ஆனால் விளிம்பில் கூடாரம் வேண்டாம், இந்த மாதக் காற்றுக்கு அது நில்லாது. இரவு பசறையில் தங்கி, விடியப்புறம் ஜீப்பில் ஏறி, ஒன்பது மணிக்குள் இறங்கிவிடலாம். மகனுக்குத் தடித்த சட்டை ஒன்று கொண்டு வாருங்கள். தூளுக்கு இதுதான் சரியான நேரம், நான் எடுத்து வைக்கிறேன்.